பழைய லேப்டாப்பில் வைஃபை தெரியவில்லையா?

புது ரவுட்டர் மாட்டியதும் போன்களில் எல்லாம் நெட் பறக்கும். பழைய லேப்டாப்பில் மட்டும் வைஃபை பெயரே தெரியாது. உடனே லேப்டாப்பைத் தூக்கிப்போட வேண்டாம்.

முதலில் அதில் இருக்கும் வைஃபை கார்டு எந்த ரகம் என்று பாருங்கள். விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். 'ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட்' என்ற வரியில் 802.11 என்ற எண்ணோடு சில எழுத்துகள் வரும். பி, ஜி மட்டும் இருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்டு. 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அதன் கண்ணிலேயே படாது. ஏசி இருந்தால் இரண்டும் கிடைக்கும். ஏசி இல்லாமல் 'என்' இருந்தால் உறுதியில்லை. சில கார்டுகளில்தான் 5 உண்டு.

2.4 மட்டும்தான் என்றால், ரவுட்டர் செட்டிங்கில் அதைத் தனிப் பெயரில் ஆன் செய்யுங்கள். பெயர் தெரிந்தும் இணையவில்லையா? பெரும்பாலும் பாதுகாப்பு முறைதான் காரணம். டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-வும் சேர்ந்ததாக மாற்றுங்கள். அதற்கும் கீழே, டபிள்யூஇபி-க்கு மட்டும் இறங்கவே கூடாது. அதை உடைப்பது மிக எளிது.

அமெரிக்காவில் வாங்கிய லேப்டாப் என்றால் சேனல் 12, 13 தெரியாமல் போகலாம். ரவுட்டரின் 2.4 சேனலை 1, 6, 11-ல் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

இதெல்லாம் செய்தும் பலன் இல்லையா? உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவதைவிட யுஎஸ்பி வைஃபை அடாப்டரே நல்லது. சில பழைய மாடல்கள் வேறு கார்டு போட்டால் பூட் ஆகவே மறுக்கும். அடாப்டர் வாங்கும் முன் உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் உண்டா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள்.