மரநிழலில் வல்லாரை

பள்ளி வளாகங்களில் வேம்பு, புங்கு, நாவல் முதலிய மரங்கள் ஓங்கி நிற்கும். அவற்றின் கீழுள்ள நிலமோ பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். அறுகம்புல் வெயிலை நாடும் இயல்புடையது. ஆகவே நிழலில் அது செழிப்பதில்லை. உதிர்ந்த சருகுகளும் நாள்தோறும் பெருக்கி அகற்றப்படுகின்றன. மூடுவதற்கு ஒன்றுமில்லாத அந்நிலத்தில் மழைத்துளிகள் நேராக மோதுகின்றன. மண்கட்டிகள் நுண்துகள்களாக உடைந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன. நீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது. சில ஆண்டுகளில் மரத்தின் வேர்களே வெளியில் தெரியத் தொடங்குகின்றன.

இத்தகைய நிலத்தைக் காக்க வல்ல செடிகளுள் ஒன்று வல்லாரை. இது நம் நாட்டு மண்ணுக்கு உரியது. கொத்துமல்லி, கேரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் மெல்லிய ஓடுதண்டு தரையோடு தரையாகப் படரும். கணுக்கள் மண்ணைத் தொடும் இடத்தில் வேர்கள் கீழிறங்கும், இலைகள் மேலெழும். வேரூன்றிய கணு, தாய்ச்செடியிலிருந்து பிரிக்கப்பட்டாலும் தனிச்செடியாக வாழும். இலை ஏறக்குறைய வட்டமாகவும், காம்பு சேருமிடத்தில் பிளவுபட்டும், ஓரங்களில் மழுங்கிய பற்களோடும் இருக்கும். ஈரம் வற்றாத, உறைபனி விழாத இடங்களில் வல்லாரை ஆண்டு முழுவதும் பசுமை மாறாது.

இச்செடிக்கு இடந்தோறும் ஒரு பெயர் உண்டு. வங்காளத்தில் இது தான்குனி, அசாமில் மணிமுனி, கர்நாடகத்தில் ஒந்தெலகா. வடமொழியில் இதனை மண்டூகபர்ணி என்பர். மண்டூகம் என்பது தவளை. பர்ணம் என்பது இலை. வட இந்தியாவில் சிலர் இதனைப் 'பிராமி' என்றும் அழைக்கின்றனர். ஆனால் அப்பெயர் நீர்ப்பிரமி என்னும் வேறொரு செடிக்கும் வழங்குகிறது. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், இலையைக் கண்டு செடியை அறிதல் வேண்டும்.

வல்லாரையை நடுவதற்கு மழைக்காலத் தொடக்கமே ஏற்றது. இலைகளின் இடையே வெயில் புள்ளி புள்ளியாக விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிச்சமே படாத இருளில் கொடி மெலிந்துவிடும். மரத்தின் வேர்கள் அறுபடாதவாறு மேல்மண்ணை மட்டும் மெல்லக் கிளறி, மட்கிய இலையுரத்தை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புதல் நன்று. அடிமரத்தை ஒட்டி உரத்தையோ மண்ணையோ குவித்தல் கூடாது. வேருள்ள கணுக்களை வெட்டியெடுத்து, ஒரு சாண் இடைவெளியில் நட்டு நீர் தெளிக்க வேண்டும். இடையிலுள்ள வெற்றிடத்தைச் சருகுகளால் மூடினால் ஈரம் காக்கப்படும். கொடி நன்கு பரவும்வரை களைகளைக் கையால் நீக்க வேண்டும். மிதிபட்டால் செடி நலியும். ஆதலால் நடந்து செல்வதற்குத் தட்டையான கற்களைப் பதித்தல் நலம். கோடையில் நீர் தவறினால் இலைகள் கருகும்.

விரைவில் பசுமை வேண்டுவோர் சிலர் வெடேலியா என்னும் மஞ்சள் பூக்கொடியை நடுகின்றனர். அது அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியிலிருந்து வந்தது. தோட்டத்தின் எல்லையைக் கடந்து ஓடைக்கரைகளிலும் பரவி, அங்குள்ள சிறுசெடிகளை நெருக்கி அழித்துவிடும். விரைந்து வளர்வது மட்டுமே ஒரு செடியின் சிறப்பன்று. தன்னைச் சூழ்ந்துள்ள உயிர்களை வாழவிடுவதும் சிறப்பே.

வல்லாரை உணவாகவும் பயன்படுகிறது. தமிழர் இதனைத் துவையலாகவும் கூட்டாகவும் சமைப்பர். எனினும் கழிவுநீர் பாயும் இடத்திலும், பூச்சிமருந்து தெளித்த இடத்திலும் வளர்ந்ததை உண்ணலாகாது. பறிக்கும்போது வேரோடு பிடுங்காமல் இலைக்காம்பை மட்டும் கிள்ளினால் நிலத்தின் போர்வை கலையாது.

சொற்பொருள்
ஓடுதண்டு – தரையில் படர்ந்து கணுதோறும் வேர்விடும் தண்டு
கணு – தண்டில் இலை தோன்றும் இடம்
மட்கிய – மக்கிப்போன

வினாக்கள்
1. வெறுநிலத்தில் மழைநீர் உள்ளே இறங்காமைக்குக் காரணம் யாது?
2. மண்டூகபர்ணி என்னும் பெயரைப் பிரித்துப் பொருள் எழுதுக.
3. வெடேலியாவை நடுவதால் விளையும் தீங்கு யாது?
4. பிரித்து எழுதுக: மழைத்துளி, வெற்றிடம், தனிச்செடி.

செயல்பாடு
வீட்டுப் பெரியவர்களிடம் வல்லாரைத் துவையல் செய்யும் முறையைக் கேட்டுத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக. நீ வாழும் ஊரில் இச்செடிக்கு வழங்கும் பெயரையும் அறிந்து குறிப்பிடுக.