மரத்தையும் மனிதனையும் காக்கும் நாடா

பள்ளி விடுமுறையிலும் பெருநாள் விடுமுறையிலும் நம் தோட்டப்புற இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து ஆற்றங்கரைகளிலும் மலையடிவாரங்களிலும் முகாமிடச் செல்வது மகிழ்ச்சி தரும் செய்தியாகும். பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்களில் பரந்து கிடக்கும் தமான் நெகாரா போன்ற மழைக்காடுகளில் தரை எப்போதும் ஈரமாயிருக்கும். அட்டையும் எறும்பும் மிகுதி. ஆதலின், இரு மரங்களுக்கிடையே தொங்குபடுக்கை கட்டி உறங்குவது பலருக்கும் வசதியாக உள்ளது.

தொங்குபடுக்கை, அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டல மக்கள் உலகுக்கு அளித்த பொருளாகும். நமக்கு வாழ்வளித்த இரப்பர் மரமும் அக்கண்டத்தின் அமேசான் காட்டிலிருந்தே வந்தது. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தடைந்த கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன என்பதை நம்மில் பலர் அறிவர். ஒரே மண்ணிற் பிறந்த இவ்விரண்டும் நம் தோட்டங்களில் ஒன்றுக்கொன்று பகையாகிவிடக் கூடாது. மெல்லிய கயிற்றால் படுக்கையைக் கட்டினால் மரத்துக்குக் கேடு. தவறாகக் கட்டினால் மனிதனுக்குக் கேடு. இரண்டையும் தவிர்ப்பது மரத்தைச் சுற்றிக் கட்டும் அகன்ற நாடாவேயாகும்.

கயிறு ஏன் ஆகாது?

மரப்பட்டையின் உட்புறத்தில், கட்டையை ஒட்டி, மிக மெல்லிய வளர்திசு ஒன்று உள்ளது. மரம் பருப்பதும், வெட்டிய பட்டை மீண்டும் வளர்வதும் அதனால்தான். பால்வெட்டும்போது கத்தி கட்டையைத் தொட்டுவிடக் கூடாது என்று கங்காணிமார் கண்டிப்பதன் காரணமும் அதுவே. காயம்பட்ட இடத்தில் பட்டை சீராக வளராது; முண்டும் முடிச்சுமாகிவிடும்.

6 மில்லிமீட்டர் கயிறு ஒன்று மனிதனின் பாரத்தைத் தாங்கும்போது, அவ்வளவு அழுத்தமும் ஒரு சிறு கோட்டில் விழுகின்றது. படுத்திருப்பவர் புரளும்போதெல்லாம் கயிறு அரம்போல் பட்டையை அராவுகின்றது. அதே பாரத்தை 5 சென்டிமீட்டர் அகலமுள்ள நாடா தாங்கினால், அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. தொங்குபடுக்கையைப் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டுவோம். இரப்பர் மரத்தில் வெட்டுப்பட்டை அமைவதும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான். எனவே, பால்வெட்டும் மரத்தில், எத்துணை அகன்ற நாடாவாயினும், படுக்கை கட்டவே கூடாது. அது ஒரு குடும்பத்தின் ஊதியம்.

எத்தகைய நாடா?

முதலாவது, பொருள். பாலியஸ்டர் நூலால் நெய்த நாடாவே ஏற்றது. மோட்டார் வண்டிகளின் இருக்கை வார் அப்பொருளாலானதே. நைலான் வலிமையுடையதாயினும் இழுபடும் தன்மை கொண்டது. நனைந்தால் மேலும் நெகிழும். இரவில் இடுப்பளவில் படுத்தவர் விடியலில் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். பருத்தி நாடா ஈரத்தில் உளுத்துப்போகும்.

இரண்டாவது, அகலம். 2.5 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. மென்பட்டை மரங்களுக்கு 5 சென்டிமீட்டர் நலம்.

மூன்றாவது, வலிமை. 700 கிலோகிராமுக்குக் குறைந்த பாரத்தில் அறாத நாடாவாக இருத்தல் வேண்டும். எழுபது கிலோ மனிதனுக்கு எதற்கு இத்தனை வலிமை என்று கேட்கலாம். விடை கோணத்தில் இருக்கின்றது.

இறுகக் கட்டினால் ஏன் அறுகின்றது?

படுக்கை தொய்யாமல் கம்பிபோல் நிற்கவேண்டுமென்று சிலர் நாடாவை இறுக்கி இழுத்துக் கட்டுவர். இதுவே பெருந்தவறு. எழுபது கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கையில் ஒவ்வொரு நாடாவும் தாங்கும் இழுவிசையைக் காண்க:

நாடா கிடைமட்டத்திலிருந்து 45 பாகை சாய்ந்திருந்தால், ஏறத்தாழ 50 கிலோ;
30 பாகையாயின், 70 கிலோ;
15 பாகையாயின், 135 கிலோ;
10 பாகையாயின், 200 கிலோ;
5 பாகையாயின், 400 கிலோ.

அதே மனிதன், அதே நாடா. இறுக்கம் மட்டுமே வேறு. இதன்மேல், திடீரென உட்காரும்போது விசை இன்னும் பெருகும். முடிச்சிடும் இடத்தில் நாடாவின் வலிமையும் குறையும். எனவே 30 பாகையே சிறந்தது. இதனை அளக்கக் கருவி வேண்டியதில்லை. நாடா குறுக்கே 100 சென்டிமீட்டர் செல்லுகையில் 58 சென்டிமீட்டர் கீழிறங்கினால் அதுவே 30 பாகை.

தைக்கும் முறை

ஒரு படுக்கைக்கு மூன்று மீட்டர் நீளமுள்ள இரு நாடாக்கள் தேவை. வெட்டிய முனை பிரியாதிருக்க, அதனை மெழுகுவர்த்திச் சுடரருகே காட்டி இலேசாக உருக்கவேண்டும். இதனைத் திறந்தவெளியில் செய்க. உருகிய முனையைக் கையால் தொடற்க.

பின்னர் ஒரு முனையை மடித்து, 10 சென்டிமீட்டர் நீளக் கண்ணி விட்டு, அதற்கப்பால் 8 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரு மடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைக்கவேண்டும். அப்பகுதியைத் தடித்த பாலியஸ்டர் நூலால் நீள்சதுரமாகத் தைத்து, அதனுள் மூலைக்கு மூலை குறுக்குத் தையல் இடுக. இவ்வாறு மூன்று முறை மேலுக்குமேல் தைத்தல் வேண்டும். பருத்தி நூல் உதவாது. நாடா நிலைத்திருக்க, நூல் இற்றுப்போகும்.

கட்டும் முறை

உயிருள்ள, நேரான, ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் சுற்றளவுக்குக் குறையாத இரு மரங்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அவற்றின் இடைவெளி நான்கு முதல் ஐந்து மீட்டர் இருக்கலாம். கட்டுமுன் மேலே பாருங்கள். பட்ட கிளையோ, தென்னங்குலையோ, டுரியான் பழமோ தலைக்குமேல் தொங்கினால் வேறிடம் நாடுங்கள். காப்புக்காடுகளில் பொறுப்பாளரின் அனுமதி பெறுவதும் கடமையாகும்.

நாடாவை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையைக் கண்ணிக்குள் நுழைத்து இழுக்கவேண்டும். பிறகு அம்மறுமுனையைப் படுக்கையின் கயிற்றுக் கண்ணிக்குள் கீழிருந்து நுழைத்து, கண்ணியின் இரு புரிகளையும் பின்புறமாகச் சுற்றி, நாடாவின் அடியிலேயே செருகி இறுக்குக. நாடா முறுக்கின்றி மரத்தில் தட்டையாகப் படிந்திருத்தல் வேண்டும். மழைநீர் நாடா வழியே படுக்கைக்குள் இறங்காதிருக்க, முடிச்சுக்குச் சற்று முன்பாக ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன்வழியே சொட்டிவிடும்.

உட்காருமிடம் நாற்காலியின் உயரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்கு, மேற்படலாகாது. முதலில் கையால் அழுத்திப் பார்த்து, பின் மெல்ல உட்கார்ந்து, அதன் பின்னரே காலைத் தூக்கவேண்டும். ஒருவருக்கான படுக்கையில் இருவர் ஏறலாகாது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் தையலையும் ஓரங்களையும் வெளிச்சத்தில் சோதித்து, நூல் பிரிந்ததையோ வெயிலில் வெளுத்ததையோ தயங்காமல் ஒதுக்கிவிடுக.

முதுகெலும்பில் படும் அடி ஓர் உழைப்பாளியின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடும். மரத்தில் படும் காயமும் பல ஆண்டுகள் ஆறாதிருக்கும். சில வெள்ளி விலையுள்ள நாடாவும் ஒருமணி நேரத் தையலும் இவ்விரண்டையும் தடுக்குமாயின், அந்தச் சிறு முயற்சியை இளைஞர்கள் மேற்கொள்ளத் தயங்கலாமா? விடியற்காலையில் நாடாவை அவிழ்த்துச் சுருட்டிய பின், மரத்தைத் தடவிப் பாருங்கள். நாம் அங்கு உறங்கிய அடையாளமே இல்லையெனில், கட்டியது முறையாகவே கட்டப்பட்டது என்று கொள்ளலாம்.