கற்பித்தலின் எல்லை: முத்துக்குளித்துறைப் பள்ளித் தமிழாசிரியரும் பதிப்புரிமைச் சட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளித் தமிழாசிரியர் பிறர் படைப்புகளைப் படியெடுத்தும் வாசித்தும் மேடையேற்றியும் பயிற்றுவிக்கிறார். அச்செயல்களுள் எவற்றுக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடந்தருகிறது, எவற்றுக்கு இடந்தரவில்லை என்பதைத் தூத்துக்குடி வட்டார எழுத்துகளையும் வாய்மொழிப் பாடல்களையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. சட்டம் வகுப்பறைக்குரிய எல்லையைப் பக்க எண்ணிக்கையால் வரையவில்லை. கற்பித்தல் என்னும் நோக்கத்தாலேயே வரைகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, நாட்டுடைமை, கற்பித்தல் விலக்கு, நிகழ்த்துநர் உரிமை, அம்பாப் பாடல்.

முன்னுரை

எட்டயபுரத்துப் பாரதியையும் ஓட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரனாரையும் இடைசெவல் கி.ராஜநாராயணனையும் தந்தது இன்றைய தூத்துக்குடி மாவட்டம். இம்மண்ணின் எழுத்தை மாணவர்க்கு அறிமுகப்படுத்த ஆசிரியர் விழைவது இயல்பு. பாடநூலில் இல்லாத ஒரு சிறுகதையைப் படியெடுத்து வழங்கலாமா என்னும் வினா எழும்போது இருவேறு கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன. 'கல்விக்காக எதையும் செய்யலாம்' என்பது ஒன்று. 'ஒரு பக்கம் படியெடுத்தாலும் குற்றம்' என்பது மற்றொன்று. முன்னது எழுத்தாளரின் உரிமையைப் பறிக்கிறது. பின்னது மாணவரின் வாசிப்பைச் சுருக்குகிறது. சட்டத்தின் வாசகம் இவ்விரண்டையும் ஏற்கவில்லை.

கலைச்சொல் தரும் மயக்கம்

சட்டத்தைப் பற்றிய புரிதல் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. 'பதிப்புரிமை' என்னும் சொல், பதிப்பித்தவருக்கு உரியது என்ற பொருளைத் தோற்றுவிக்கிறது. உண்மையில் 17ஆம் பிரிவின்படி, சில விலக்குகள் நீங்கலாக, படைப்பின் முதல் உரிமையாளர் ஆசிரியரே. நாளிதழ் வழக்கில் 'காப்புரிமை' என்பது புதுக்கண்டுபிடிப்புக்கான உரிமையையும் எழுத்துக்கான உரிமையையும் வேறுபாடின்றிக் குறிக்கிறது. எழுத்துக்கு உரிமை கிடைக்கப் பதிவு கட்டாயமன்று. படைப்பு உருப்பெற்றவுடனே உரிமை பிறக்கிறது. எனவே உரிமைக் குறிப்பு அச்சிடப்படாத நூல் எவர்க்கும் பொது என்று கொள்வது பிழை.

பொதுவானவையும் உரிமையுடையவையும்

இன்றைய சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1992ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்னர் இக்கால அளவு 50 ஆண்டுகளாக இருந்தது.

பாரதி மறைந்தது 1921இல். 50 ஆண்டு விதிப்படி அவர் பாடல்களின் உரிமை 1971 வரை நீடித்திருக்க வேண்டும். ஆனால் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1949இல், சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைப் பெற்றது. பின்னர் அப்பாடல்கள் மக்களுக்குப் பொதுவாயின. வ.உ.சி. 1936இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளிவந்த 'மெய்யறம்' முதலிய நூல்களின் உரிமைக்காலம் 1986உடன் முடிந்தது. 2021இல் மறைந்த கி.ராஜநாராயணனின் படைப்புகளுக்கு 60 ஆண்டு விதிப்படி 2081 இறுதி வரை உரிமை உண்டு. முத்துக்குளித்துறை மக்களின் வாழ்வைப் பாடுபொருளாகக் கொண்டு 2013ஆம் ஆண்டுச் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவலும் உரிமையுடைய படைப்பே.

இங்கு நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. கொற்கையைப் பாடும் சங்கச் செய்யுள் எவர்க்கும் பொது. ஆனால் அதற்கு அண்மைக்கால உரையாசிரியர் எழுதிய உரையும் ஆய்வு முன்னுரையும் தனிப் படைப்புகள். அவற்றுக்குத் தனி உரிமை உண்டு. நாட்டுடைமையான நூலின் புதிய பதிப்புக்கும் இது பொருந்தும்: மூலம் பொது, பதிப்பாசிரியர் தம் எழுத்தாகச் சேர்த்தவை பொதுவல்ல.

'கற்பித்தலின் போக்கில்'

உரிமையுடைய படைப்பையும் ஆசிரியர் பயன்படுத்த 52ஆம் பிரிவு வழிவகுக்கிறது. அதன் (1)(i) உட்பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படைப்பைப் படியெடுத்தலையும், தேர்வு வினாவிலும் விடையிலும் அதனைப் பயன்படுத்துதலையும் உரிமை மீறலாகக் கருதவில்லை.

இதன் பொருளெல்லையைத் தெளிவாக்கியது தில்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கு. பாடத்திட்டத்திற்குரிய நூற்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்ற இராமேசுவரி நகலகத்தின் மீது ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிசு பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016 டிசம்பர் 9 அன்று தீர்ப்பளித்த தில்லி உயர்நீதிமன்ற அமர்வு, கற்பித்தல் என்பது வகுப்பறை விரிவுரையோடு முடிவதன்று என்றும், கற்பித்தல் நோக்கத்திற்குத் தேவையான அளவே அளவுகோல் என்றும் கொண்டது. இத்தனை விழுக்காடு என்ற வரம்பை அது விதிக்கவில்லை. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆகவே 'கொற்கை'யின் ஓர் அத்தியாயத்தைப் பாடத்தின் தேவை கருதிப் படியெடுத்து வகுப்பு மாணவர்க்கு வழங்கும் ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. முழு நாவலின் மின்படியைப் பெற்றோரும் பிறரும் உள்ள வாட்சப் குழுவில் பகிர்பவர் இவ்விலக்கின் நிழலில் ஒதுங்க இயலாது. அங்கே படியெடுத்தல் கற்பித்தலின் தேவையைக் கடந்துவிடுகிறது. பொதுமக்களுக்கு அறிவித்தல் என்னும் வேறோர் உரிமையும் குறுக்கிடுகிறது.

தனியார் பதிப்பகத்திற்குத் துணைப்பாட நூல் தொகுக்கும் ஆசிரியரின் நிலை வேறு. (1)(h) உட்பிரிவின்படி, அத்தொகுப்பு பெரும்பாலும் உரிமையற்ற எழுத்துகளால் ஆனதாக இருத்தல் வேண்டும். உரிமையுடைய நூல்களிலிருந்து சிறு பகுதிகளையே எடுக்கலாம். ஒரே பதிப்பகம் ஐந்தாண்டுக்குள் ஒரே ஆசிரியரின் இரண்டு பகுதிகளுக்கு மேல் வெளியிடலாகாது. வகுப்பறையில் இல்லாத எண்ணிக்கை வரம்பு அச்சுச் சந்தையில் உண்டு.

மேடையும் வாய்மொழியும்

செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாகவும் வ.உ.சி. பிறந்தநாளாகவும் அமைவதால் பள்ளிகளில் நாடகமும் திரையிடலும் நிகழ்வதுண்டு. ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளிச் செயற்பாடுகளோடு தொடர்புடையோர் ஆகிய வட்டத்திற்குள் நிகழும் இவற்றுக்கு (1)(j) உட்பிரிவு இடந்தருகிறது. அந்நிகழ்வைப் பதிந்து யூடியூபில் ஏற்றும்போது அவ்வட்டம் உடைகிறது.

கடற்கரைப் பள்ளிகளுக்கே சிறப்பாக உரியது அம்பாப் பாடல். வலையிழுக்கும்போது பாடும் மரபுப் பாடலுக்குத் தனி ஆசிரியர் இல்லை. ஆனால் அதனைப் பாடும் முதியவர் சட்டத்தின் பார்வையில் நிகழ்த்துநர். 38ஆம் பிரிவு அவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. உண்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் மட்டுமே செய்யும் ஒலிப்பதிவை 39ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அப்பதிவை இணையத்தில் வெளியிட வேண்டுமாயின் பாடியவரின் இசைவு தேவை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்க்கும் இது பொருந்தும். எழுதியவர் பெயரில்லாத பாடலிலும் பாடுபவர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சட்டம் நினைவூட்டுகிறது.

பெயர் சுட்டும் கடப்பாடு

57ஆம் பிரிவு, தம் படைப்புக்குத் தாமே ஆசிரியர் எனக் கோரவும், நற்பெயருக்கு ஊறு செய்யும் சிதைவைத் தடுக்கவும் படைப்பாளிக்கு உரிமை தருகிறது. உரிமையை விற்ற பின்னரும் இது அவரிடமே நிற்கும். வினாத்தாளிலும் பயிற்சித்தாளிலும் ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் குறிப்பிடுவது மரபு மட்டுமன்று, அவ்வுரிமைக்குத் தரும் மதிப்புமாகும்.

முடிவுரை

உரிமை மீறலுக்கு 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. எனினும் ஆசிரியரிடம் வேண்டப்படுவது தண்டனை குறித்த அச்சமன்று, பகுத்தறியும் பயிற்சியே. இப்படைப்புக்கு உரிமைக்காலம் நிலவுகிறதா, இப்படி என் மாணவரின் பாடத்திற்குத் தேவையா, இது வகுப்பைக் கடந்து செல்லுமா என்னும் மூன்று வினாக்கள் பெரும்பாலான சூழல்களில் வழிகாட்டும். கல்வியியல் பட்டப்படிப்பின் தமிழ் கற்பித்தல் தாளிலும் பணியிடைப் பயிற்சிகளிலும் 52ஆம் பிரிவு ஒரு பாடமாக இடம்பெறுதல் வேண்டும். வட்டார இலக்கியத்தை வகுப்பறைக்குள் துணிந்து கொண்டுவரவும், அதைப் படைத்தவரையும் பாடியவரையும் மதிக்கவும் அது ஒருசேரத் துணைசெய்யும்.