ஆயில் குடித்தால் இன்ஜின் போச்சா?

திருமழிசை சிட்கோவுக்கு லோடு அடிக்கும் குட்டி யானை (டாடா ஏஸ்) வண்டிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தேய்ந்த இன்ஜினைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்பு கையில் வைத்திருப்பார்கள்.

நம்பிக்கை: புகை வந்தாலே இன்ஜின் முடிந்தது.

கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் முதலில் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலமாக வந்து அடங்கினால் சந்தேகம் வால்வு சீல் மேல். அது சின்ன வேலை. லோடோடு மேம்பாலம் ஏறும்போதெல்லாம் நீலமாகக் கக்கி, ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷனும் அடித்தால்தான் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் போரையும் பற்றிப் பேச வேண்டும்.

நம்பிக்கை: ரிங் மட்டும் மாற்றினால் இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிவிடலாம்.

அதிகம் காசு கரைவது இதில்தான். சிலிண்டர் சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில், மேல் ரிங் நிற்கிற மட்டத்தில், தேய்மானம் அதிகம். பிஸ்டன் சாய்ந்து உரசும் பக்கம் கூடுதலாகத் தேய, வட்டம் முட்டையாகிவிடும். அதற்குள் வட்டமான புது ரிங் எப்படிப் படியும்? லேத் பட்டறையில் போர் கேஜை இறக்கி மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டத்திலும், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். பழைய ஏஸின் 702 சிசி இரட்டைச் சிலிண்டர் இன்ஜினுக்கு போர் 75 மி.மீ. நாம் தேடும் வித்தியாசமோ மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு. விரலால் தடவிப் பார்த்தே ‘போர் நல்லாருக்கு’ என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

நம்பிக்கை: பிரித்துக் கட்டிய இன்ஜின் புதுசு மாதிரி வராது.

பிளாக்கில் விரிசல் இல்லாமல், கிராங்கும் அளவுக்குள் இருந்தால் தாராளமாக வரும். கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். சூடேறிப் போன இன்ஜின் என்றால் ரேடியேட்டரைக் கவனிக்காமல் எதைச் செய்தாலும் வீண்.

நம்பிக்கை: புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் ஒன்று வாங்கிப் போட்டால் வேலை சுலபம்.

அதுவும் யாரோ ஓட்டித் தேய்த்ததுதான். வாங்குமுன் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, முன் அனுமதி வாங்காமல் இன்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்துப் பதிய வேண்டும். டி.என். 12 வண்டிக்காரர்களுக்கு அது பூந்தமல்லி. பில்லும், பழைய வண்டியின் ஆர்.சி. நகலும் தராத கடையில் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம், எஃப்.சி.யில் நம்பர் ஒத்துவராவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.