பிடி அரிசியும் பொருத்தனையும்



உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைப்பது நம் சபைத் தாய்மாரின் பழைய வழக்கம். சாறிபாத் விதவையிடம் எலியா கேட்டதும் முதல் அடையைத்தான் (1 இராஜாக்கள் 17:13). முதலாவது எடுத்தாலும், வீட்டுப் பானையில் இருந்ததிலிருந்தே எடுப்பது.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பலருக்கு மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியுமே பிழைப்பு. பிள்ளை பிழைக்கவேண்டுமென்று கட்டிலருகே பொருத்தனை பண்ணுகிறவர்களில் சிலர், பின்பு வட்டிக்கு வாங்கிச் செலுத்துகிறார்கள். அப்படி வந்த தாய் ஒருவரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். “தேவனுக்குக் கடன்காரியாய்ப் போகச் சொல்கிறீர்களா, ஐயா?” என்றார். நியாயமான கேள்வி. பொருத்தனை செலுத்தவேண்டியதே, பிரசங்கி 5-ம் அதிகாரம் அதில் கண்டிப்பாயிருக்கிறது. ஆனால் நமக்கு உள்ளதைக்கொண்டே தேவன் ஏற்கிறார் என்று பவுல் போதிக்கிறார் (2 கொரிந்தியர் 8:12). வட்டிக்காரர் பணம் நமக்கு உள்ளதல்லவே.

தை மாதம் சோளம் விற்றபின் பாதித் தொகை கொண்டுவந்தார். “மீதி அடுத்த வெள்ளாமையில்” என்றார். வாங்கிக்கொண்டேன்.