பரஸ்பர நிதியும் ஹெட்ஜ் நிதியும்

“சிறுதுளி பெருவெள்ளம்” என்பது நம் முன்னோர் வாக்கு. மரக்காணம் உப்பளங்களில் வெயில் காலத்தில்தான் வேலை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் நீரில் மூழ்கும், கூலியும் நின்றுவிடும். ஆகவே சேமிப்பின் அருமை இக்கடற்கரை மக்கள் அறியாததன்று. சேமித்ததை எங்கே போடுவது என்பதே கேள்வி. செய்தித்தாள்களில் அடிபடும் இருவகை நிதிகளைப் பற்றி இங்கே காண்போம்.

பரஸ்பர நிதி

பலரிடமிருந்து சிறு தொகைகளைத் திரட்டிப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்வது பரஸ்பர நிதி. இதனை மியூச்சுவல் ஃபண்ட் என்பர். இந்தியாவில் இதற்கு வித்திட்டது யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அந்நிறுவனம், 1964இல் தன் முதல் திட்டத்தை வெளியிட்டது. இன்று மாதம் 500 ரூபாயிலும் இத்தகைய நிதியில் சேரலாம். யூனிட்டின் மதிப்பு ஒவ்வொரு வேலை நாளும் வெளியிடப்படுகிறது. பெரும்பாலான திட்டங்களில் வேண்டும்போது பணத்தைத் திரும்பப் பெறலாம். கடன் வாங்கி முதலீட்டைப் பெருக்க இந்நிதிக்கு அனுமதி இல்லை.

ஹெட்ஜ் நிதி

‘ஹெட்ஜ்’ என்றால் வேலி. 1949இல் அமெரிக்காவில் ஆல்பிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் இம்முறையைத் தொடங்கினார். விலை ஏறும் என நம்பிய பங்குகளை வாங்கினார்; இறங்கும் எனக் கருதியவற்றை இரவல் பெற்று விற்றார். பத்து மூட்டை உப்பை இரவல் வாங்கி இன்றைய விலைக்கு விற்று, விலை இறங்கியபின் வாங்கித் திருப்பிக் கொடுப்பது போன்றது இது. இறங்கினால் இலாபம், ஏறினாலோ நட்டம்.

இழப்பைத் தடுக்கவே வேலி போடப்பட்டது. ஆனால் பிற்காலத்தில் சில நிதிகள் பெருங்கடன் வாங்கிச் சூதாட்டம் போல் ஈடுபட்டன. 1997இல் நோபல் பரிசு பெற்ற மெர்ட்டன், ஷோல்ஸ் என்னும் இரு அறிஞர்கள் பங்குதாரராயிருந்த அமெரிக்க நிதி ஒன்று, அடுத்த ஆண்டே நிலைகுலைந்தது. அதனைத் தாங்கிப் பிடிக்கப் பதினான்கு நிதி நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் அளிக்க நேர்ந்தது.

நமக்கு எது?

நம் நாட்டில் ‘செபி’ அமைப்பின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, ஹெட்ஜ் நிதிகள் மாற்று முதலீட்டு நிதிகளின் மூன்றாம் பிரிவில் அடங்கும். ஒருவர் பொதுவாகக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் போட வேண்டும். கடன் வாங்கி முதலீடு செய்யவும் இவற்றுக்கு வரம்புடன் அனுமதி உண்டு. பல நிதிகளில் குறித்த காலம் வரை பணத்தை எடுக்க இயலாது. இழந்தாலும் தாங்கக்கூடிய செல்வர்க்கே இது உரியது. எனவே, “ஹெட்ஜ் நிதி, பத்தாயிரம் போதும்” என்று எவரேனும் வீடு தேடி வந்தால், அது சட்டத்துக்கு உட்பட்டதன்று என்று உடனே அறியலாம். செபியின் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தல் நலம்.

பரஸ்பர நிதியும் முற்றும் பாதுகாப்பானதன்று. 2001 ஜூலையில் யூனிட் டிரஸ்ட், அம்முதல் திட்டத்தின் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. எளிய மக்கள் பலர் தவித்தனர். ஆதலால் மழைக்காலச் சோற்றுக்கான பணம் அஞ்சலகத்திலோ வங்கியிலோ இருக்கட்டும். அதற்கு மேல் மிஞ்சுவதை, பல்லாண்டு காத்திருக்க முடியுமானால், பரஸ்பர நிதியில் போடலாம்.

தாலந்து உவமையில், பணத்தை மண்ணில் புதைத்த ஊழியனைத் தலைவன் புகழவில்லை. அதற்காக அதைக் கண்ணை மூடிக்கொண்டு எவரிடமும் கொடுக்கச் சொல்லவுமில்லை. வியர்வை சிந்தி ஈட்டிய பொருளை, ஆராய்ந்தறிந்து காப்போமாக!