ஓவர்க்ளாக் செய்த கம்ப்யூட்டரும் டெல்டா வெயிலும்

ப்ராசஸரைத் தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது ஓவர்க்ளாக்கிங். அப்போது பிறக்கும் வெப்பம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். 4.0 கிகாஹெர்ட்ஸில், 1.20 வோல்ட்டில் 100 வாட் இழுக்கும் ஒரு ப்ராசஸர், 4.4 கிகாஹெர்ட்ஸில் 1.35 வோல்ட் கொடுத்தால் சுமார் 139 வாட் இழுக்கும். கிடைத்த வேகம் 10 சதவீதம். ஏறிய சூடு 39 சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே கூலர் வாங்கக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு காலத்தில் இது லாபமான வேலையாகவே இருந்தது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்டு 450-இல் சளைக்காமல் ஓடியது. 2011-இன் கோர் ஐ5-2500கே, 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்திலிருந்து பலரிடம் 4.5 வரை ஏறியது. இன்றைய ப்ராசஸர்களோ விளிம்பு வரை முறுக்கப்பட்டே பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் பெரிய ப்ராசஸர்கள், முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. கூடுதலாகக் கறக்க மிஞ்சியிருப்பது சில சதவீதம். அந்தச் சில சதவீதத்துக்கு எவ்வளவு சூட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைக் காவிரி டெல்டாவின் குடவாசலில் முடிவுசெய்வது கூலர் அல்ல, அறை.

ஃபேன் கூலரானாலும் லிக்விட் கூலரானாலும் ப்ராசஸரை அறைக்காற்றைவிடக் குளிரவைக்காது. அறை 1 டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறத்தாழ 1 டிகிரி ஏறும். விமர்சகர்கள் 21 டிகிரி ஏசி அறையில் சோதித்துச் சொல்லும் எண்கள், டெல்டாவின் மாடி அறைக்கு எந்த விதத்திலும் பொருந்தாதவை. கம்ப்யூட்டர் இருக்கும் அறை இங்கே பெரும்பாலும் மொட்டை மாடிக்கு நேர்கீழே, ஏசி இல்லாமல், ஒரு சீலிங் ஃபேனை நம்பி இருப்பது. பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம்வரை அதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஓட்டு வீட்டில் பகல் சூடு கடுமை. ஆனால் பொழுது சாய்ந்ததும் விரைவில் தணிந்துவிடும். கேம் விளையாடுவது மாலைக்கு மேல்தான் என்பதால், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பழைய ஓட்டு வீடே மேல்.

பணத்தையும் நேரத்தையும் மிக அதிகமாகத் தின்னும் தவறு ஒன்று உண்டு: மார்கழியிலோ பொங்கல் விடுமுறையிலோ வேகத்தை ஏற்றிச் சோதித்து, 'நிற்கிறது' என்று முடிவுகட்டி அப்படியே விட்டுவிடுவது. வாட்டுக்கு 0.4 டிகிரி ஏற்றும் ஒரு நடுத்தரக் கூலரை எடுத்துக்கொண்டால், 139 வாட்டுக்கு 56 டிகிரி ஏற்றம். கேபினெட்டுக்குள் காற்று அறையைவிட 5 டிகிரி கூடுதல் என்று வைக்கலாம். தை மாதத்தில் அறை 26 டிகிரி என்றால் ப்ராசஸர் 87. எந்தக் குறையும் தெரியாது. கத்திரி வெயிலில் அதே அறை 37 டிகிரிக்குப் போகும்போது அதே ப்ராசஸர் 98. ரைசன்களில் பலவற்றுக்கு வரம்பு 95, இன்டெல்லில் பலவற்றுக்கு 100. வரம்பை நெருங்கியதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிய வேகம் கணக்கில் மட்டும் இருக்கும்.

இந்த வேகக்குறைவை நோய் என்று நினைத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினால் செலவுக்கு முடிவில்லை. கேம் திக்குகிறது என்றதும் முதலில் கிராபிக்ஸ் கார்டின் மேல் சந்தேகம், அடுத்து ரேம், பிறகு எஸ்எம்பிஎஸ். கடைசியாகக் கடைக்காரர் மூன்று ஃபேன் வைத்த லிக்விட் கூலரைக் கையில் கொடுப்பார். அறை எத்தனை டிகிரி என்று எந்தக் கடையிலும் கேட்பதில்லை. மேலே சொன்ன ப்ராசஸரை 4.3 கிகாஹெர்ட்ஸுக்கும் 1.25 வோல்ட்டுக்கும் இறக்கினால் 117 வாட்தான். கத்திரியிலும் 89 டிகிரியில் நிற்கும். 100 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுத்ததற்கு 9 டிகிரி. அந்த 100 மெகாஹெர்ட்ஸை எந்த கேமிலும் கண்ணால் பார்க்க முடியாது. எனவே குளிர்காலத்தில் சோதிக்கும்போது, வரும் எண்ணோடு 11 டிகிரி கூட்டிக்கொண்டு முடிவெடுப்பதே முறை.

வோல்டேஜை மதர்போர்டின் 'ஆட்டோ'விடம் விடுவது இதோடு சேர்ந்த இன்னொரு தவறு. வேகத்தை ஏற்றியதும் ஆட்டோ தேவைக்கு மேல் வோல்டேஜைத் தள்ளும்; கம்ப்யூட்டர் தொங்காமல் ஓடினால் போதும் என்பது அதன் கவலை, சூடு அல்ல. தானியங்கி வோல்டேஜை நம்புவதன் விலையை 2024-இல் உலகமே பார்த்தது: இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில், அவற்றை உள்ளிருந்து இயக்கும் மைக்ரோகோட் அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டதால் அவை நிலையிழந்தன. நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அங்கே பயனர் எதையும் ஏற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. வோல்டேஜைக் கையால் நிர்ணயித்து, சிறு படிகளாகக் குறைத்து, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு படி மேலே நிறுத்த வேண்டும். ரைசன் 5000 முதல், கர்வ் ஆப்டிமைசர் என்ற பயாஸ் வசதி இதை எளிதாக்குகிறது.

அளப்பது எளிய வேலை. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ திறந்திருக்க, முழுச் சுமை ஏற்றும் சினிபெஞ்ச் அல்லது ஓசிசிடியை அரை மணி நேரம் ஓட்டினால் போதும்; பத்து நிமிடத்தில் கேபினெட் முழுதாகச் சூடேறாது. ப்ராசஸரோடு, அதற்கு வோல்டேஜைச் சீராக்கித் தரும் மதர்போர்டின் விஆர்எம் பகுதியின் சூட்டையும் பார்க்க வேண்டும்.

டெல்டாவில் வெப்பத்தின் மறுபாதி தூசி. அதுவும் நகரத்துத் தூசி அல்ல. சம்பா அறுவடையில் இயந்திரம் இறங்கும் தை, மாசியில் வைக்கோல் துகளும் உமியும் காற்றில் மிதக்கும். நெல்லைச் சாலையில் காயப்போடும் தெருவிலும், கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்திலும் சொல்லவே வேண்டாம். கனமான இந்தத் துகள்கள் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே சிக்கி, கடலோர ஈரக்காற்றில் ஊறி, கம்பளிபோல் படியும். மார்கழியில் துடைத்த கூலர் பங்குனியில் அடைத்திருக்கும். கத்திரிக்கு முன்பாக, மாசிக் கடைசியில் ஒருமுறையும் குறுவை அறுவடைக்குப் பின் ஒருமுறையும் ப்ளோயர் பிடிப்பது அவசியம். அப்போது ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழலவிட்டால் அது மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் அனுப்பும். உள்ளிழுக்கும் ஃபேன்களை வெளித்தள்ளுபவற்றைவிடக் கூடுதலாக வைத்து, அவற்றின் முன் நைலான் கொசுவலையைக் கட்டினால் பெரிய துகள்கள் உள்ளே வராது. பின்பக்கத் துளைகளிலும் வலை வேண்டும். அது தூசிக்காக அல்ல, குளவி மண்கூடு கட்டாமலும் பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போய் மாட்டாமலும் இருக்க.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, வண்ண விளக்கு எரியும் கேபினெட்டுகள் இந்த ஊருக்கு ஆகாதவை. காற்று நுழைய இரண்டு விரல் இடைவெளிகூட இல்லாத பெட்டியில் எந்தக் கூலரும் உள்ளிருக்கும் சூட்டையே சுற்றிச்சுற்றிக் குடிக்கும். காற்று புகும் வலை முகப்பு போதும்.

கூலரில் டவர் வகையே குடவாசலுக்குப் பொருத்தம். ஃபேன் போனால் வேறு ஃபேன் மாட்டலாம். லிக்விட் கூலரின் பம்ப் போனால் வாரண்டிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டவரின் ஃபேன் காற்று விஆர்எம் பக்கமும் சிறிது படும் என்பது கூடுதல் நன்மை. தெர்மல் பேஸ்டை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் சரி. பழைய இன்டெல் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2012-இன் ஐவி பிரிட்ஜிலிருந்து 2017-இன் 8700கே வரை, வழக்கமான டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் மூடிக்குள் ஈயப்பற்று இல்லாமல் பேஸ்ட் வைக்கப்பட்டது. அவை சூடாக ஓடினால் கூலரைக் குறைசொல்லிப் பயனில்லை.

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை கம்ப்யூட்டர் அறையில் வைப்பது மதுரைக்குக் கொஞ்சம் சரிவரலாம். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த டெல்டாவில் அது சூட்டைக் குறைப்பது சொற்பம், தூசியைக் களியாக்குவது நிச்சயம். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 340 வாட் என்றால் அறைக்குள் மூன்று பேர் கூடுதலாக அடைந்திருக்கும் அளவு சூடு. எதிரெதிர் ஜன்னலைத் திறப்பதே பெரிய வைத்தியம்.

மின்சாரத்தில் கவலை கட்டணம் அல்ல. கூடுதல் 39 வாட், நாளுக்கு 4 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 9 யூனிட்தான். யுபிஎஸ்தான் பிரச்சினை: 600 விஏ என்று எழுதியிருப்பவற்றில் பல 360 வாட் வரையே தாங்கும். ஓவர்க்ளாக்குக்குப் பின் மொத்தச் சுமை அதைத் தாண்டினால், கரண்ட் போகும் கணத்தில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும்.

பயாஸில் இரண்டு ப்ரொஃபைல்களைச் சேமித்து, பங்குனி முதல் ஐப்பசி மழை பிடிக்கும்வரை குறைந்ததையும், பிறகு கூடியதையும் போடலாம். பயாஸைப் புதுப்பித்தால் இந்த ப்ரொஃபைல்கள் பெரும்பாலும் அழிந்து, வோல்டேஜ் மறுபடி ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். அதனால் எண்களை ஒரு தாளில் எழுதி கேபினெட் கதவின் உட்புறம் ஒட்டிவைத்து, புதுப்பித்த உடனே சரிபார்க்க வேண்டும்.